எட்டு லிட்டர் தாகம்

...தண்ணியில சத்து கலக்கணும்னு ஒரு கட்சி. கலக்கவே கூடாதுன்னு ஒரு கட்சி. ரெண்டு பக்கமும் நல்லாத்தான் பேசுனீங்க. எனக்கு முன்னாடி பேசுன தம்பி மேசையத் தட்டுன தட்டுல என் காப்பி பாதி கொட்டிருச்சு! சரி, சூடு கொஞ்சம் ஆறட்டும். நான் கட்சி சேரப் போறதில்ல. ஒரு குட்டிக் கதை வச்சிருக்கேன், அதை மட்டும் கேளுங்க.

கடலோரத்துல ஒரு உப்பள ஊரு. கருவேலந்துறைன்னு வச்சுக்குங்க. அந்த ஊர்ல மேல்நிலைத் தொட்டிய நிரப்பி, தெருத்தெருவா தண்ணி திறந்து விடுற வேலை மாரிக்கனிக்கு. அவ புருஷன் லிங்கராஜ் அளத்துல உப்பு வாருறவர். ஒரே மக. ஏழு வயசு. வாயத் திறந்தா பல்லு பூரா சொத்தை... பாதி நாள் சாப்பாடு இறங்காது, அழுகைதான்.

அந்தப் புள்ள மட்டுமில்ல, ஊர்ல பாதிப் புள்ளைங்களுக்கு அதே கதி. பல் டாக்டர் ஜெபராணி வந்து பாத்தாங்க. தண்ணியப் பரிசோதிச்சாங்க. "பல்லைக் காக்குற ஃபுளோரைடு இந்தத் தண்ணியில இல்லவே இல்ல. தொட்டியில துளி கலந்தாப் போதும்"னாங்க. நல்ல மனசு. குறை சொல்ல ஒண்ணுமில்ல.

கிராம சபை கூடுச்சு. என்னைக்கு? மே ஒண்ணு. என்ன நாளு அது? உழைப்பாளர் தினம்! காலையில பதினோரு மணி. உழைக்கிறவங்க எங்க இருந்தாங்க? அளத்துல! மே மாசம்தானே உப்பு விளையுற மாசம்... சபையில யாரு? கடைக்காரர், வாத்தியார், தலைவர், நம்மள மாதிரி நிழல்ல உக்காந்து பேசுறவங்க. டாக்டர் சொன்னாங்க: "ஒரு ஆளு ஒரு நாளைக்கு ரெண்டு லிட்டர் குடிப்பாங்க. அதுக்குத்தான் அளவு போட்டிருக்கேன்." எல்லாரும் கை தூக்குனாங்க. மாரிக்கனியும் தூக்குனா. ரெண்டு கையும் தூக்கியிருப்பா, மக பல்லாச்சே! அடுத்த வாரத்துல இருந்து கலக்கப் போறதும் அவ கைதான்.

அன்னைக்குச் சாயங்காலம் லிங்கராஜ் வீட்டு வாசல்ல நின்னு செம்பைத் தூக்குனாரு. குடிச்சாரு... குடிச்சாரு... குடிச்சுக்கிட்டே இருந்தாரு. தினமும் பாக்குறதுதான். ஆனா அன்னைக்கு அவளுக்கு என்னமோ உறுத்துச்சு.

"ஏங்க... அளத்துல எத்தனை பாட்டில் குடிச்சீய?"

"நாலு. அந்த ரெண்டு லிட்டர் பாட்டில்ல. ஏன்?"

நாலு ரெண்டு எட்டு!

மறுநாள் தண்ணி திறந்து விடும்போது குழாயடியில கேட்டா. வாத்தியார் வீட்டம்மா, "நான் நாலு டம்ளர் குடிச்சா அதிகம்"னாங்க. அளத்துக்குப் போற பொம்பளைங்க, "ஏழு லிட்டர்... எட்டு... யாரு அளந்தா?"ன்னு சிரிச்சாங்க. கவனிங்க. தொட்டி ஒண்ணு, குழாய் ஒண்ணு, தாகம் ஒண்ணா? மருந்து மட்டும் எப்படி எல்லாருக்கும் ஒரே அளவுல போகும்?

நேரா டாக்டர்கிட்டப் போனா. "டாக்டரம்மா, ரெண்டு லிட்டர்னு கணக்குப் போட்டீயளே... எட்டு லிட்டர் குடிக்கிறவுகளுக்கு என்ன ஆகும்?"

டாக்டர் என்ன சொன்னாங்க? 'நீ படிச்சியா, நான் படிச்சேனா'ன்னு கேட்டிருக்கலாம். கேக்கல. "ரொம்ப வருஷம் அளவு மீறிக் குடிச்சா எலும்பும் மூட்டும் இறுகிப் போயிரும்மா. இங்க போடப் போற அளவுல அது நடக்குமா, நடக்காதா... தெரியல. எனக்கு இது தோணவே இல்லையே!" அப்படின்னாங்க.

தெரியல! அடேயப்பா, மெத்தப் படிச்சவங்க வாயில அந்த வார்த்தை வர்றதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்! மறுநாள் அந்தம்மாவே அளத்துல போய் நின்னாங்க. ஒரு மணி நேரம். கொண்டு போன ஒரு லிட்டர் பாட்டில் காலி!

திரும்பக் கூட்டம் போட்டாங்க. இந்தத் தடவை அளம் விட்டு ஆளு வந்த பிறகு. டாக்டர் மறைக்காம எல்லாத்தையும் சொன்னாங்க. இப்ப லிங்கராஜ் எந்திரிச்சாரு. 'கலக்காதீங்க'ன்னு சொல்வாருன்னுதானே நினைக்கிறீங்க? நானும் அப்படித்தான் நினைச்சேன்.

அவரு சொன்னாரு: "புள்ளையளுக்கு நல்லதுன்னா கலந்துருங்கம்மா. எங்க எலும்புதானே... பாதிய ஏற்கனவே உப்பு தின்னாச்சு. மிச்சமும் போனாப் போவுது."

அளத்துக்காரங்க ஒவ்வொருத்தரா கை தூக்குறாங்க... அத்தனை பேரும்! வெடிச்ச உள்ளங்கை ஒவ்வொண்ணும்.

மாரிக்கனி வெடுக்குன்னு எந்திரிச்சா. "நான் கலக்க மாட்டேன். மக பல்லுக்காக இவுக காலை முடக்கணுமா? வேற ஆளைப் பாத்துக்கிடுங்க!" சொல்லும்போதே அழுதுட்டா.

டாக்டர் எந்திரிச்சாங்க. "யாரும் கலக்க வேண்டாம். வருஷத்துக்கு ரெண்டு தடவை நான் பள்ளிக்கூடத்துக்கு வாரேன். புள்ளைங்க பல்லுல மட்டும் மருந்தைத் தடவி விட்டுட்டுப் போறேன். எனக்கு வேலை கூடுதல், அவ்வளவுதானே?" அதுதான் தீர்மானமாச்சு.

இந்த ஊருக்கு இது சரி. வேற ஊர்ல தொட்டியில கலக்குறதே சரியா இருக்கலாம். அங்க தண்ணி வேற, வெயில் வேற, தாகம் வேற. அதை நான் எப்படிச் சொல்ல முடியும்? எனக்கும் தெரியல!

ஆனா என் மனசுல ஒண்ணு தங்கிருச்சு. முதல் கூட்டத்துல கை தூக்குனாங்களே, கெட்டவங்களா? ஒருத்தர்கூட இல்ல. எல்லாரும் நல்லதுக்குத்தான் தூக்குனாங்க. தன் தாகத்தை வச்சு ஊரோட தாகத்தை அளந்துட்டாங்க... அவ்வளவுதான் தப்பு. அளத்துக்காரங்க என்ன செஞ்சாங்க? கேட்ட உடனே தன் எலும்பைக் குடுக்க வந்தாங்க. அப்படிக் குடுக்கிறவங்ககிட்டதான், ஐயா, நாம ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். அவங்க வேண்டாம்னு சொல்ல மாட்டாங்க. அவங்களுக்காக வேண்டாம்னு சொல்ல ஒருத்தி அழ வேண்டியிருக்கு.

நீங்களும் இப்ப கை தூக்கப் போறீங்க. தூக்குங்க, எந்தப் பக்கம்னாலும் தூக்குங்க. அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் இந்த மண்டபத்தைச் சுத்திப் பாருங்க... யாரு இன்னும் வரல?