இறால் குட்டையைத் திறந்துவிட்டது நான்தான்

பெயர்: மெஹரூன்னிசா. வயது: 43. கணவர் பெயர்: ஜெய்னுலாப்தீன். விலாசம்: பள்ளிவாசல் பின்தெரு, மரக்காணம். தொழில்: குடும்பம். நாள்: 19.06.2006.

நான் மேற்கண்ட விலாசத்தில் என் கணவருடனும் மகள் முபீனாவுடனும் குடியிருந்து வருகிறேன். பத்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன், தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். இன்று காலை யாரும் கூப்பிடாமல் நானாகவே நிலையத்துக்கு வந்து, இறால் குட்டை சம்பந்தமாகப் பிடித்து வைக்கப்பட்டிருக்கும் ஓடைமேடு தேவா என்பவர் அந்தக் காரியத்தைச் செய்யவில்லை, செய்தது நான் என்று சொன்னேன். அதன் பேரில் தாங்கள் விசாரிக்க நான் சொல்வது.

என் கணவர் பல வருடம் சவூதியில் தம்மாமில் வேலை பார்த்துவிட்டு ஊருக்கு வந்து, உப்பளங்களை அடுத்து உப்பங்கழி ஓரத்தில் நிலம் வாங்கி இறால் வளர்த்து வருகிறார். சுனாமி வந்த அன்று பள்ளிவாசல் மண்டபத்தைத் திறந்துவிட்டு, அனுமந்தை பக்கமிருந்து ஓடிவந்த ஜனங்களுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றியவர் அவர்தான். பிரேதங்களையும் தூக்கினார். அவர் கெட்ட மனிதர் என்று சொல்ல நான் வரவில்லை. அந்த அலையில் எங்கள் பழைய குட்டைகள் அழிந்துபோனதால், மறுவருடம் கடலைவிட்டுத் தள்ளி, ஓடைமேடு கிராமத்துக் கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் நிலத்தில் புதுக்குட்டை வெட்டினார். கழியிலிருந்து மோட்டார் வைத்து உப்புத்தண்ணீர் இறைத்துத்தான் அதை நிரப்ப வேண்டும். உப்பு மண்ணுக்குள் இறங்காமல் இருக்கக் குட்டைத் தரையில் பிளாஸ்டிக் பாய் போடும் வழக்கம் உண்டு, அவர் போடவில்லை.

ஓடைமேட்டில் இருப்பவர்கள் உப்பளத்தில் வேலை செய்கிற ஜனங்கள். அவர்களுக்குக் குடிக்க அந்த ஒரு கிணறுதான். அந்த ஊரைச் சேர்ந்த பாஞ்சாலை என்பவர் உப்பள வேலையோடு இரண்டு மாடும் வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டுக்குக் காலையில் பால் ஊற்றுகிறார். பிடிபட்டிருக்கும் தேவா அவருடைய மகன். இந்த வருடம் பொங்கல் கழிந்த பிறகு ஒருநாள் பால் குறைவாகக் கொண்டுவந்ததால் நான் கேட்டேன். அதற்கு அவர், "மாடு தண்ணி குடிக்க மாட்டேங்குது பாயம்மா. மோந்து பாத்துட்டு மூஞ்சத் திருப்பிக்குது. நாங்க திருப்பிக்க முடியுமா?" என்று சொன்னார். கிணறு உப்பாகிவிட்டது என்று அப்போதுதான் எனக்குத் தெரியும்.

அதன் பிறகு நான் என் கணவரிடம் கேட்டதற்கு, அது சுனாமியால் வந்த உப்பு என்று சொன்னார். அலை ஓடைமேட்டுக்கு வரவே இல்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதன் பிறகு பாஞ்சாலையே ஒரு குடம் கிணற்றுத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து, "ஒரு வாய் குடிச்சிப் பாருங்க பாய், அது போதும்" என்று என் கணவரிடம் கேட்டார். என் கணவர், தாலுகா ஆபீசில் மனு கொடுக்கச் சொல்லிவிட்டு பைக்கில் ஏறிப் போய்விட்டார். பாஞ்சாலை குடத்தை இறக்கி வைத்துவிட்டு அழாமல் போனார். குடத்தை நான் உள்ளே எடுத்து வைத்துக்கொண்டேன்.

அன்று என் கணவர் பைக்கில் போன இடத்தையும் நான் சொல்ல வேண்டும். எங்கள் ஜமாஅத்தில் நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பதற்கு என்று ஐந்து பேர் ஒரு குழு வைத்திருக்கிறார்கள், என் கணவர் அதற்குத் தலைவர். அன்று ஃபாரிஸ் என்பவருடைய தங்கை கல்யாணத்தில் மைக்செட் வைத்துச் சினிமாப் பாட்டுப் போட்டதாகத் தகவல் வந்து, குழு அங்கே போய், என் கணவர் தன் கையாலேயே ஆம்ப்ளிஃபயர் வயரைப் பிடுங்கி எறிந்தார். பெண் பிள்ளை மணவறையில் உட்கார்ந்து அழுததாக முபீனா வந்து சொன்னாள். வயரைப் பிடுங்கியதற்கு யாரும் அவர் மேல் புகார் கொடுக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு குழுவும் எங்கள் பள்ளிவாசல் இமாமான ஹஜ்ரத்தும் எங்கள் வீட்டு முன் ஹாலில் கூடினார்கள். ஃபாரிஸ் குடும்பம் பள்ளிவாசலில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று பேச்சு. தீமையைக் கண்டால் கையால் தடுக்க வேண்டும், முடியாதவர் வாயால் சொல்ல வேண்டும், அதுவும் முடியாதவர் மனதாலாவது வெறுக்க வேண்டும், அதுதான் ஈமான் என்கிற நம்பிக்கையில் கடைசிப் படி என்று என் கணவர் சொல்லிக்கொண்டிருந்தது உள்ளே எனக்குக் கேட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதை அவர் வாயால் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அன்று கேட்டபோது எனக்கு உடம்பு எரிந்தது. அதன் பிறகு அவர் சுலைமானி டீ போட்டு அனுப்பச் சொன்னதால், பாஞ்சாலை வைத்துப் போன குடத்துத் தண்ணீரிலேயே சுலைமானி போட்டு, முபீனாவிடம் கொடுக்காமல் நானே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து திரைக்குப் பின்னால் நின்றேன்.

முதலில் குடித்தவர் கிளாஸிலேயே துப்பினார். ஹஜ்ரத் ஒரு வாய் குடித்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தார். நான் திரைக்குப் பின்னால் இருந்து, "உப்பு ஜாஸ்தியாங்க? ஓடமேட்டுக் கெணத்துத் தண்ணி அது. நம்ம குட்டை வந்த பொறவு அந்த ஜனங்க டெய்லி இதத்தான் குடிக்குதுங்க. இது தீமையில்லையா? பாட்டு போடறது மட்டும்தான் தீமையா?" என்று கேட்டேன்.

பிறகு குழுவில் ஒருவர், "பாபி, நீங்க உள்ள போங்க. இத ஆம்பளைங்க நாங்க பேசிக்கறோம்" என்றார். நான் உள்ளே போனேன். அவர்கள் பேசினார்கள். ஃபாரிஸ் வீட்டு மன்னிப்பைப் பற்றியே பேசினார்கள். ஹஜ்ரத் கிதாபு படித்தவர், அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கணவர் தட்டியிருக்க மாட்டார். ஹஜ்ரத் சலாம் சொல்லி எழுந்து போனார். மறு வெள்ளிக்கிழமை பயான் பிரசங்கத்தில் கடைவீதியில் சத்தமாகச் சிரிக்கிற பெண்களைப் பற்றிப் பேசினார்.

அவர்கள் போன பிறகு என் கணவர் என்னிடம், "சபையில எம் மூஞ்சில கரி பூசிட்டியே. அது பிசினஸ், இது மார்க்கம். ரெண்டையும் போட்டுக் கொழப்பாத" என்றார். நான், "மார்க்கம் கல்யாண ஊட்டு வாசலோட நின்னுடுமாங்க? குட்டைப் பக்கம் வராதா?" என்று கேட்டேன். அவர் அடிக்கவில்லை. இதுவரை என்னை அடித்ததில்லை. "இந்த அறுவடை முடியட்டும், மூடிடறேன்" என்று சொன்னார். நான் நம்பினேன்.

போன வாரம் எங்கள் வீட்டு வாசலில் ஒரு மினி வேன் வந்து நின்று, அதில் இன்னொரு புது மோட்டார் இருந்தது. எங்கே போகிறது என்று டிரைவரைக் கேட்டதற்கு ஓடைமேட்டுக் குட்டைக்கு என்று சொன்னார். அதே வாரத்தில் தேவா குட்டைக்குப் போய் என் கணவரிடம் சத்தம் போட்டதாகவும், கலெக்டர் ஆபீஸுக்குப் போவேன் என்று சொன்னதாகவும் என் கணவரே வீட்டில் வந்து சொன்னார்.

நேற்று முன்தினம் சனிக்கிழமை என் கணவர் தீவனம் சம்பந்தமாகப் பாண்டிச்சேரிக்குப் போயிருந்தார். நான் சாயங்கால அஸர் தொழுகையை முடித்துவிட்டு, வீட்டில் இருந்த கடப்பாரையை ஒரு பழைய புடவையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஆட்டோவில் உப்பளம் வரை போய், அங்கிருந்து வரப்பு வழியாக நடந்து குட்டைக்குப் போனேன். அங்கே காவல்காரர் சுப்ராயன் மட்டும் இருந்தார். என்னைப் பார்த்து எழுந்து, "மொதலாளி அனுப்பினாருங்களாம்மா?" என்று கேட்டார். நான், "இல்ல. நானேதான் வந்தேன். நீங்க அப்பால போய் நில்லுங்க, உங்களுக்கு இதுல சம்பந்தம் வேணாம்" என்றேன். அவர் கொட்டகைப் பக்கம் போய் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை.

அதன் பிறகு நான் மோட்டார் சுவிட்சை அணைத்துவிட்டு, கடப்பாரையால் ஸ்டார்ட்டர் பெட்டியை உடைத்தேன். புது மோட்டாரின் பெட்டியையும் உடைத்தேன். அதன் பிறகு கழிப் பக்கம் இருக்கும் மடைக்கு இறங்கி, வலையை அறுத்து, மடைப் பலகைகளைக் கடப்பாரை கொடுத்து நெம்பி ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஓடைமேட்டுப் பக்கம் தண்ணீர் போகாது, கழிக்குத்தான் போகும் என்று தெரிந்துதான் அந்த மடையைத் திறந்தேன். என் புர்கா இடுப்பு வரை நனைந்துவிட்டது. இறால்கள் காலில் மோதிக்கொண்டு வாய்க்காலில் போயின. கொக்குகள் வந்து இறங்கின. குட்டையில் தரை தெரிகிற வரை நான் கரையில் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன். கடப்பாரையை அங்கேயே விட்டுவிட்டேன், அதில் என் கணவர் பெயர் வெட்டியிருக்கும்.

அன்று இரவு என் கணவர் வந்ததும் நானே அவரிடம் சொன்னேன். மோட்டாரை உடைத்தது, மடையைத் திறந்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஏன் செய்தாய் என்று அவர் கேட்கவில்லை. "யாரு பாத்தாங்க?" என்றுதான் கேட்டார். சுப்ராயன் மட்டும் என்று சொன்னேன். அதன் பிறகு அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். குட்டையைப் பார்க்கப் போகிறார் என்று நினைத்தேன். நேற்று முழுவதும் அவர் என்னோடு பேசவில்லை.

இன்று காலை பாஞ்சாலை பால் இல்லாமல் வந்து எங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எம் புள்ளையப் புடிச்சிகினு போய்ட்டாங்க பாயம்மா. குட்டைய ஒடச்சிட்டான்னு பாய் எழுதிக் குடுத்திருக்காராம். சத்தியமா அவன் அன்னிக்கு உப்பளத்துல மூட்ட தூக்கிட்டிருந்தான்" என்றார். செய்தது நான் என்று அவருக்குத் தெரியாது. என்னிடம் சிபாரிசு கேட்டுத்தான் வந்தார்.

நான் உள்ளே போய் என் கணவரிடம், "தேவா செய்யலைன்னு உங்களுக்குத் தெரியும்ல?" என்று கேட்டேன். அவர், "தெரியும். ஒன் பேர எழுதிக் குடுக்கச் சொல்றியா? ஊர் சிரிக்கும். ரெண்டு நாள் போவட்டும், நானே வக்கீல் வெச்சி ஜாமீன்ல எடுத்து உடறேன். அவனும் நம்மள மெரட்டினவன்தானே" என்றார். சொல்லும்போது அவர் கையில் தஸ்பீஹ் மணிமாலை இருந்தது. நான் வேறு எதுவும் கேட்காமல் புர்காவை மாட்டிக்கொண்டு, பாஞ்சாலையைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்தேன். வழியில்தான் அவரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் நடுரோட்டில் நின்று என் முகத்தையே பார்த்துவிட்டு, "சனிக்கெழமையே சொல்லியிருக்கலாமே பாயம்மா" என்றார்.

காவல்காரர் சுப்ராயன் தேவாவைப் பார்த்ததாகச் சொல்லியிருந்தால் அது முதலாளிக்குப் பயந்து சொன்னது. அவரைக் கூப்பிட்டு என் எதிரில் நிறுத்திக் கேட்டால் உண்மையைச் சொல்வார்.

நான் சொல்லச் சொல்லத் தாங்கள் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது என் கணவரும் குழுவைச் சேர்ந்த இரண்டு பேரும் நிலையத்துக்கு வந்தது தங்களுக்குத் தெரியும். எனக்குப் புத்தி சரியில்லை என்று அவர்கள் தங்களிடம் சொன்னதையும் நான் கேட்டேன். அதையும் இதில் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். அதன் பிறகு என் கணவர் என்னிடம், "மெஹரு, நான் கம்ப்ளெய்ன்ட்ட வாபஸ் வாங்கிக்கறேன், பையன் ஊட்டுக்குப் போவட்டும். நீ ஒண்ணும் எழுதிக் குடுக்காத, வா" என்று சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. நான், "வாபஸ் வாங்குங்க. ஆனா நான் எழுதித்தான் குடுப்பேன். எழுதலேன்னா பெட்டிய மாத்திட்டு நாளைக்கே மோட்டார் ஓடும்" என்றேன். அப்படியெல்லாம் ஓடாது என்று அவர் சொல்லவில்லை. தாங்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்கள்.

அவர் வாபஸ் எழுதிக் கொடுத்ததன் பேரில் தேவா வெளியே வந்து, தன் தாயாரோடு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். என் மேல் என்ன நடவடிக்கை எடுத்தாலும் அதற்கு நான் கட்டுப்படுகிறேன். என் கணவருக்கு ஏற்பட்ட நஷ்டம் நான் ஏற்படுத்தியதுதான். ஓடைமேட்டுக் கிணற்றுத் தண்ணீரைத் தாங்கள் ஆள் அனுப்பி எடுத்து சோதிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொன்னது எல்லாம் உண்மை, யாருக்கும் பயந்தோ யாருக்காகவோ சொன்னதில்லை. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். ஒரு திருத்தம் சொன்னேன். குட்டையைத் திறந்த இடத்தில் "ஆத்திரத்தில் அறியாமல் செய்துவிட்டேன்" என்று எழுதியிருந்தது, எனக்கு நல்லது என்று நினைத்துத் தாங்கள் சேர்த்ததாகச் சொன்னீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. ஆத்திரம் எனக்கு இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் அறிந்துதான் செய்தேன். அந்த வரியை அடித்து, அடித்த இடத்தில் சுருக்கொப்பம் வைத்த பிறகு இதன் கீழ் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) ஜெ. மெஹரூன்னிசா