பூசணிக் கொடியில் தேமல்

கல்யாணத்துக்குச் சட்டை தைத்து வாங்குவது பெரிய தொல்லை, சுவாமி. மாத்தளை டெய்லர் ஒரு கையை நீளமாக வைத்துவிட்டான். அதை மடித்துவிட்டுக்கொண்டு சிரித்தபடியே வந்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் சிரிக்கக் கூடாது என்று தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். விடிந்தால் சவரியம்மா என் பெண்டாட்டி.

சின்னப் பாவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். துரை பங்களாவில் நான் தோட்டக்காரன் அல்லவா, துரைசாணியின் ரோஜாவைத் திருடி இவளுக்குக் கொடுத்திருக்கிறேன். அப்புறம் ஒரு பூசணிக்கொடி விஷயம் இருக்கிறது.

சவரியம்மா எல்கடுவ தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள், மேல்லயத்து வரிசை வீடுகளில் இருக்கிறவள், புருஷனை இழந்தவள். தேயிலை விலை விழுந்து வேலை குறைந்ததும் லயத்துக்குப் பின்னால் பூசணி போட்டாள். என்ன காய்ப்பு என்கிறீர்கள். போகம் முழுக்கத் தவறாமல் காய் கொண்டுவந்தால் கடையோரத்தில் இடம் தருவதாக இரத்தோட்டைக் கடைக்காரர் மக்கீன் நானா சொல்லியிருந்தார். பக்கத்து அறை அழகாயியும் இவளுமாக அங்கே காய்கறி விற்று, அங்கேயே தங்கிவிடுவதாகத் திட்டம். “இனிமே எந்த ஆம்பள கையையும் பாத்து நிக்க வேணாம்ணே” என்று என்னிடமே சொன்னாள். பாருங்கள், அண்ணனாம். அன்றைக்கு அவள் கொடுத்த பாலில்லாத சாயத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பங்களாப் பூசணியில் தேமல் விழுந்தது. விவசாய இலாகா ஐயா ஒருவர் வந்து விளக்கினார். இலையில் மஞ்சளும் பச்சையுமாகத் திட்டு விழும், நுனி சுருளும், காயில் மரு மருவாகப் புடைக்கும். மருந்து கிடையாது. கண்டதும் வேரோடு பிடுங்கி எரிக்க வேண்டும். இலைக்கடியில் அப்பியிருக்கும் பச்சைப் பேன் அதைக் கொடிக்குக் கொடி கொண்டுபோகும், மனுஷன் கையும் கொண்டுபோகும், ஆகவே சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் அடுத்த கொடியைத் தொடாதே என்றார். கவனமாகக் கேட்டுக்கொண்டேன். எல்லாவற்றையும் பிடுங்கி எரித்தேன். எருக்குழிக்குப் பின்னால் ஒன்றை மட்டும் விட்டுவைத்தேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் அதன் இலையை உள்ளங்கையில் கசக்கிக்கொண்டு மேல்லயத்துக்குப் போவேன். சவரியம்மாவின் கொடிகளை ஒவ்வொன்றாக வருடிக்கொடுத்து நுனி கிள்ளிவிடுவேன். கிள்ளினால் நன்றாகக் கிளைக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. அக்கறையான மனுஷன் என்று கருப்பட்டி தருவாள். விசில் அடித்துக்கொண்டே திரும்புவேன்.

திட்டுகள் தெரிந்ததும் அவளுக்கே மனதில் பட்டுவிட்டது. கெட்டிக்காரி.

“இந்த ஓரத்துக் கொடிய மட்டும் புடுங்கிப் போட்டுடவாண்ணே? மத்ததாச்சும் பொழைக்குமே.”

“புடுங்காத புள்ள. தண்ணி பத்தாததுதான். ஊத்திப் பாரு.”

மலையூற்றுப் பீலியிலிருந்து தண்ணீர் சுமந்து சுமந்து ஊற்றினாள். இடையில் அடுத்த வீட்டுக் கொடிகளிலும் அதே கையால் கறிக்கு நுனி பறித்தாள். அந்த மழைக்காலத்தில் லயம் முழுவதும் பூசணி இல்லை. தோட்டத்தில் அரிசியும் குறைத்துக் கொடுத்த நேரம், பாவம், பிள்ளைகள் ரொம்ப மெலிந்துபோனார்கள்.

பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் கண் பட்டு வெம்பிவிடும் என்பார்கள் அல்லவா. அழகாயி சந்தோஷத்தில் ஒருநாள் காட்டிவிட்டாள். கொடி போனதும் பழி அவள் தலையில் விழுந்தது. நான் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை, அவள் காட்டியதை நானும் பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன். அது உண்மைதானே. லயத்தார் பீலியில் அவளைத் தண்ணீர் பிடிக்க விடவில்லை. சவரியம்மாவும் முகம் கொடுக்கவில்லை. அழகாயி பிள்ளைகளோடு கப்பலேறி இந்தியாவுக்குப் போய்விட்டாள். போகிற வழியில் கடைசிப் பிள்ளை காய்ச்சலில் தவறிவிட்டதாகக் கேள்வி. அதற்காக அந்தோனியார் முன்னால் மெழுகுதிரி ஏற்றினேன்.

அதற்குப் பிறகுதான் பெண் கேட்டேன். அவள் சம்மதித்த அழகைக் கேளுங்கள். வெறும் பாத்தியைப் பார்த்தாள்.

“எனக்கு வேற போக்கிடம் ஏது” என்றாள்.

அண்ணே என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மலையை ஓடியே இறங்கினேன்.

செய்த பாவத்துக்கு மனஸ்தாபப்படுகிறாயா என்று கேட்கிறீர்கள். கொடியை நினைத்தால் வருத்தம்தான். ஆனால் இரத்தோட்டைச் சந்தையில் ஒரு பொம்பளை தனியாக என்ன பாடுபட்டிருப்பாள்? அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு என்கிறீர்கள். இப்போதுதான் அவள் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்திருக்கிறது, அதைக் கெடுப்பானேன்? கோழி வளர்த்து, முட்டை விற்று, மக்கீன் நானாவிடம் மறுபடி இடம் கேட்கப் போகிறாளாம். தாராளமாகச் செய் என்று நானே குஞ்சுகள் வாங்கிக் கொடுத்தேன். கோழிக்கு என்னென்ன நோய் வரும், எப்படிப் பரவும் என்று விவசாய இலாகா ஐயாவிடம் இப்போதே கேட்டுவைத்திருக்கிறேன், சுவாமி.