அக்குளில் வைத்த தர்மாமீட்டர்

அடி அண்ணாமலை ஊருக்குப் போகும் பஸ் இன்னும் கிளம்பவில்லை. என் முன் சீட்டில் இரண்டு பெரியவர்கள். ஒருவர் விவசாயி, மற்றவர் தையற்கடை பாய்.

"ஆஸ்பத்திரி நர்சம்மா எனக்கு மட்டும் தர்மாமீட்டர அக்குள்லதான் வெக்குது, பாய்," என்றார் விவசாயி.

"ஏன், உன் வாய்க்கு இன்னா?"

"வாயில வெச்சா பேச முடியாதாம். 'நீங்க பேசுங்க பெரியவரே, நான் கேக்கறேன்'னுது."

"அப்படி இன்னாய்யா பேசுவே?"

"எல்லாம் என் பொண்டாட்டி கதைதான். அவ செத்தப்புறம் வீட்ல யாரும் அவ பேச்சையே எடுக்கறதில்ல."

"சரி, ஜுரம் எவ்ளோ இருந்துச்சு?"

"ஜுரமே இல்ல. அது நர்சம்மாவுக்கும் தெரியும். ஆனா வாராவாரம் திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்கு."

பஸ் கிளம்பியது. பாய் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"திங்கக்கிழமை நானும் வரேன்யா. எனக்கும் ஜுரம் இல்ல."