அஞ்சு செகண்டுக்குள்ள எறியணும்

நீங்களே சொல்லுங்க சார், தப்புன்னா விசில் ஊதுறதுதானே என் வேலை? ஊதினேன். அதுக்குப் போயி கட்டின பொண்டாட்டி உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா மனுஷன் எங்க போவான்? இல்ல இல்ல, நான் படியிலயே உக்காந்துக்கறேன். மேல் வீட்டுக்குப் புதுசா வந்தவர்தானே நீங்க? இருங்க, ஒரு நிமிஷம்.

பாஸ்கெட்பால் சார். அவ ஆபீஸ் டீம்ல ஆடுறா, நான் லீவு நாள்ல நடுவர். இன்னிக்கு அவங்களுக்கு அரையிறுதி. வரவேண்டிய நடுவருக்குக் காய்ச்சல்னு என்னைக் கூப்பிட்டுட்டாங்க. வேணாம்யா, என் வீட்டுக்காரி ஆடுறா, பின்னாடி வம்பாயிடும்னு தலையால அடிச்சுக்கிட்டேன். யாரு கேட்டா?

கடைசி நேரம். இவங்க ஒரே ஒரு பாயிண்ட் பின்னாடி. பந்து வெளிய போயிடுச்சு, உள்ள எறியற முறை இவங்களுக்கு. எறிய வந்து நிக்கறது யாரு? இவதான். சட்டம் ரொம்பச் சின்னது சார். கோட்டுக்கு வெளிய நிக்கணும், எறியறதுக்கு முன்னாடி உள்ள கால் வைக்கக் கூடாது, நான் பந்தைக் குடுத்ததுலேருந்து அஞ்சு செகண்டுக்குள்ள எறிஞ்சாகணும். நான் கையை வீசி வீசி எண்ணுவேன், எல்லாரும் பாப்பாங்க, ஒளிவுமறைவே கிடையாது. போன வாரம் ஒரு அம்மா, கோட்டைத் தாண்டி ஷூ உள்ள நீட்டிக்கிட்டு நிக்குது. ஊதினா, ஷூ ஒரு சைஸ் பெருசு, என் கால் வெளியதான் இருக்குங்குது. ஷூவும் சேர்ந்ததுதாம்மா நீங்கன்னேன். இப்படித்தான் சார் என் பொழப்பு... எதுல விட்டேன்?

ஆங், எண்ணினேன். அஞ்சு முடிஞ்சுது. பந்து இவ கையிலயே இருக்கு. ஊதிட்டேன். பந்து அந்த டீமுக்குப் போச்சு, ஆட்டமும் போச்சு. இந்த ஆட்டத்துக்காக எத்தனை நாள் விடியக்காலையில எந்திரிச்சு ஓடினா தெரியுமா? ஆனா பொண்டாட்டின்னா ஆறு செகண்டா?

ஏன் எறியலையா? அது வந்து... என்னையே பாத்துக்கிட்டு நின்னா சார். பந்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு என் மூஞ்சியையே பாத்தா. ஏன்னா... பந்தைக் குடுக்கும்போது நான் ஒரு வார்த்தை கேட்டேன். ஆட்டத்தைப் பத்தி இல்ல, அந்த மாதிரி ஆளு நான் இல்ல. பால் வச்ச அடுப்பை அணைச்சியான்னு கேட்டேன். திடீர்னு ஞாபகம் வந்துடுச்சு, என்ன பண்றது?

அவ எப்படி அணைப்பா? அவ காலையிலயே டீமோட கிளம்பிட்டா. பாலை வச்சது நான்தான். வீட்டைப் பூட்டிக்கிட்டு வந்ததும் நான்தான்.

அப்புறமென்ன, ஆட்டம் முடிஞ்சதும் ஜெயிச்சவங்களுக்குக் கைகூடக் குடுக்காம வீட்டுக்கு ஓடினா. நான் ஸ்கோர் எழுதின தாள் எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டுட்டு நிதானமாத்தான் வந்தேன், நடுவர் ஓடக் கூடாதில்லையா. உள்ள கரகரன்னு ஒரு சத்தம் கேக்குதுல்ல? கருகின பாத்திரம் சார். நான் வந்ததுலேருந்து தேய்ச்சுக்கிட்டே இருக்கா.

...சத்தம் நின்னுடுச்சு. வரா போலிருக்கு. சார், நீங்க கொஞ்சம் எனக்கு முன்னாடி வந்து நில்லுங்க. மூணாவது ஆள் இருந்தா ரொம்பத் திட்ட மாட்டா...

சார்?