செல்லும் ஊர்

இல்ல சார், நிக்கிறேன். ஒக்காந்தா எனக்குப் பேச்சு வராது. மனு முந்தாநாளே குடுத்துட்டேன் சார், ஸ்டாம்பு ஒட்டி. பழைய புஸ்தகமெல்லாம் பின்னாடி ரூம்புல கீது, அப்புறம் வான்னீங்க. இது மூணாந்தடவ. கொறையா சொல்லல, கோச்சுக்காதீங்க. பதினஞ்சு வருசத்துக் கட்டு, தூசி தட்டி எடுக்கறதுன்னா சும்மாவா.

ஆமா, கைதி பேரு கோதண்டம். அப்பா பேரு ராமன். ஐம்பத்தஞ்சாம் வருசம், ஆடி மாசக் கடைசி. சாராயக் கேசு, பதினஞ்சு நாள் தண்டன. இந்த சப்ஜெயில்லதான் வெச்சிருந்தாங்க. எப்ப உள்ள வந்தாரு, எப்ப வெளிய வுட்டீங்க, அந்த ரெண்டும் தெரிஞ்சா போதும். நீங்க பொறுமையா தேடுங்க சார், எனக்கு அவசரமில்ல.

எனக்கு இன்னா வேணுமா? எங்க அக்கா வூட்டுக்காரரு. தோ, சன்னல் வழியா பாருங்க. புளியமரத்தடியில பச்சப் பொடவ கட்டிகினு, மடியில தூக்குச் சட்டிய வெச்சிகினு ஒரு பொம்பள குந்தினு கீதே, அதான் எங்கக்கா, மரகதம். பிள்ளைப்பாக்கத்துலேருந்து நடந்தே வந்தோம். பஸ்ல போலாம்னேன், கேக்கல. நெத்தியப் பாத்தீங்களா, எத்தாம் பெரிய பொட்டுன்னு. பதினஞ்சு வருசமா அத்த ஒரு நாள் கூட வைக்காம இருந்ததில்ல.

அதுலதான் சார் இப்ப பேஜாரு. அதுக்கு ஒரே பொண்ணு, செங்கமலம். வர்ற வெள்ளிக்கெழம கல்யாணம். மாப்ள வூட்ல கேக்கறாங்க, பொண்ணுக்கு அப்பன் கீறானா, இல்லியான்னு. இருந்தா மணையில குந்தி பொண்ணத் தார வாத்துக் குடுக்கட்டும். இல்லாட்டி உங்கம்மா எதுக்குப் பொட்டு வெச்சிகினு முன்னாடி நிக்குதுன்னு பொண்ணுகிட்டயே கேட்டுட்டாங்க. அது அழுதுகினே வந்து சொல்லுச்சு. எங்கக்கா அழல. ஜெயிலு புஸ்தகத்துல இன்னா எழுதிக் கீதோ அதான் எனக்கு, செத்துட்டாருன்னு இருந்தா இன்னிக்கே அழிச்சிடறேன், உசுரோட கீறாருன்னு இருந்தா எவன் கேட்டாலும் அழிக்க மாட்டேன், வாடா போலாம்னு கெளம்பிடுச்சு.

அவுரு இல்லாட்டி யாரு தார வாக்கறதா? நானும் எம்பொண்டாட்டியும்தான். தாய்மாமனாச்சே.

என் பேரா? மனுவுல கையெழுத்துப் போட்டிருக்கேனே சார். ஆமா. கோதண்டம்தான். அப்பா பேரும் அதே ராமன்தான். எழுத்துப் பெசகெல்லாம் இல்ல சார், நீங்க மூக்குக் கண்ணாடியத் தொடைக்க வேணாம். உள்ள வந்தவரு பேரு கோபாலு. என் பேரச் சொல்லிகினு வந்தாரு.

சொல்றேன். இப்ப சொன்னா இன்னா. அப்பல்லாம் டேசன்ல மாசத்துக்கு ஒரு சாராயக் கேசாவது காட்டணும். எங்க ஊர்ல ஏரிக்குள்ள அடுப்பு வெச்சிருந்தது பத்துப் பன்னண்டு வூடு. எல்லாரையும் புடிச்சிகினு போய்ட்டா நாத்து நடறது யாரு? அதனால பேசி ஒரு ஏற்பாடு. ஏரித் தண்ணிக்கு முறை வெக்கற மாதிரி இதுக்கும் முறை. இந்த மாசம் நீ, அடுத்த மாசம் அவன். முறை வந்தவன் காலைல குளிச்சு, வயிறாரத் துன்னுட்டு, ஒடஞ்ச பானை ஒண்ணத் தலையில வெச்சிகினு அவனே டேசனுக்குப் போவான். ஏட்டு கூட வந்தது இல்ல. சிரிக்காதீங்க சார். சரி, சிரிங்க, நாங்களும் சிரிச்சிகினுதான் போனோம்.

ஆனா ஒண்ணு. வெளிய வுடற அன்னிக்கி அவன் வூட்டு ஆம்பள ஒருத்தன் புது வேட்டியோட கேட்டாண்ட நிக்கணும். கொளத்துல முழுக வெச்சு, அந்த வேட்டியக் கட்ட வெச்சு, கூடவே இட்டுகினு வரணும். அப்பதான் ஊரு வேலையா போய்ட்டு வந்தவன்னு அர்த்தம். வேட்டி எடுத்துகினு யாரும் போவலன்னு வையுங்க, வூட்டுக்காரங்களே அவனக் கழிச்சுட்டாங்கன்னு ஆயிடும். அதுக்கப்புறம் ஊருக்குள்ள எந்த மூஞ்சிய வெச்சிகினு வருவான்? இது எழுதுன சட்டமெல்லாம் இல்ல. ஆனா எங்க ஊர்ல சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும்.

ஆடி மாச முறை எனக்கு. டேசன்ல பேரும் எழுதியாச்சு. அந்தச் சமயம் பாத்து செங்கமலத்துக்கு வல்லக்கோட்டையில காதுகுத்து, ஆடிக் கிருத்திகைக்கு. நேந்துகினது, தள்ளிப் போட முடியாது. கொழந்தைய மடியில வெச்சிகினு குந்த வேண்டியது தாய்மாமன், நான். கோபாலு மாமாதான் சொன்னாரு. மச்சான், காதுகுத்துக்கு அப்பன் எதுக்கு, ஓரமா நிக்கற வேலதானே, நீ மடியில வெச்சிக்க, நான் உன் பேருல போய்ட்டு வந்துடறேன், அவுங்களுக்குப் பேருதானே வேணும்னாரு. நான் வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கணும்ல? சொல்லல சார். உள்ளுக்குள்ள அப்பாடான்னு இருந்துச்சு. பயம். ஏட்டு அடிப்பான்னு பயம்.

கெடச்சுடுச்சா? படிங்க, படிங்க. ஆகஸ்டு ஒம்போது. அங்க அடையாளம் போட்டிருக்கா? வலது புருவத்துல வெட்டுத் தழும்பு. ஆமா, அது மாமாதான். கெணத்துல மாடு பூட்டிக் கவலை எறைக்கச் சொல்ல கயிறு அறுந்து அடிச்சது. எனக்குப் பாருங்க, புருவம் சுத்தமா கீது.

அந்தக் கதவக் கொஞ்சம் சாத்தட்டுமா சார்? இல்ல, அக்கா காதுல வுழக் கூடாது, அதான். உங்ககிட்ட ஒரு ஒத்தாச கேக்கலாம்னுதான் தனியா வந்தேன். எங்கக்காவுக்குப் படிக்கத் தெரியாது. இந்தப் புஸ்தகத்த வாசப்படியாண்ட எடுத்துகினு போய் நான் வெரல வெச்சு, தோ பாருக்கா, எறந்துட்டாருன்னு எழுதிக் கீதுன்னு சொன்னா நம்பிடும். நான் சொன்னது எதையும் அது நம்பாம இருந்ததில்ல. நீங்க பொய் சொல்ல வேணாம், பக்கத்துல கம்னு நின்னா போதும். கல்யாணமும் நல்லபடியா முடியும், அதுவும் தேடறத வுட்டுடும். ஒம்போது மணிக்கு வெளிய வந்த ஆளு எந்தப் பக்கம் போனாருன்னு இனிமே யாருக்குத் தெரியப் போவுது, சொல்லுங்க.

இன்னா சார்? நீங்க இன்னும் அந்தப் பக்கத்தயே திருப்பலியா?

ஓ. ஆமா. ஒம்போது மணின்னு நான்தான் சொன்னேன்.

தண்ணி இருந்தா ஒரு கிளாஸ் குடுங்க சார். தாங்க்ஸ்.

ஆகஸ்டு இருபத்தி நாலு, புதன்கெழம. போட்டிருக்கும் பாருங்க. நான் வந்தேன் சார். வராம இருந்தேன்னு நெனைக்காதீங்க. புது வேட்டி, எட்டு மொழம், கரை போட்டது, மஞ்சப் பையில சுருட்டி வெச்சிகினு ஏழு மணிக்கெல்லாம் வந்துட்டேன். எதுத்தாப்ல இப்ப சைக்கிள் கடை கீதே, அப்ப அது டீக்கடை. கேட்டு தொறக்கட்டும்னு பெஞ்சுல குந்தியிருந்தேன். அங்க பரசுராமன் வந்தாரு. இருங்காட்டுக்கோட்ட. பட்டா மாத்தறதுக்கு தாலுக்கா ஆபீசுக்கு வந்திருந்தாரு. அவுரு பொண்ணத்தான் எனக்குக் கேட்டுகினு இருந்தாங்க. ஆவணியில சொல்றேன்னு இருந்தாரு. கறாரான மனுசன், சாராயம்னா அந்தத் தெருவுலயே நடக்க மாட்டாரு. என்னைப் பாத்துட்டு பக்கத்துல ஒக்காந்து டீ சொன்னாரு. இன்னாப்பா இந்தப் பக்கம்னாரு. வெத நெல்லுக்குன்னு சொன்னேன். பைய மடியில வெச்சு அமுக்கிகினேன்.

அப்ப கேட்டு தொறந்துச்சு. மாமா வெளிய வந்தாரு. மொட்ட அடிச்சிருந்தாங்க, காலு கொஞ்சம் தாங்கித் தாங்கி. ரோட்டுல நின்னு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பாத்தாரு. பரசுராமன் சொல்றாரு, பாரு, சாராயக்காரன் ஒருத்தன் வெளிய வர்றான், இவனுங்க இருக்கிற வூட்டு வாசப்படி மிதிக்கலாமா, எவன் பொண்ணு குடுப்பான்னு. மாமா என்னைப் பாத்துட்டாரு. மூஞ்சியெல்லாம் சிரிப்பு. நேரா வந்தாரு. இன்னா மச்சான், வந்து ரொம்ப நேரமாச்சா, கொழந்த காது குத்தச் சொல்ல அழுதுச்சான்னு கேட்டாரு.

யாருப்பா நீ, ஆள் மாறி வந்து நிக்கறியேன்னு சொன்னேன்.

என் வாயால சொன்னேன் சார். இந்த வாயாலதான்.

அவுரு கோவமே படல. படாம நின்னதுதான் இன்னிக்கி வரைக்கும் என்னைத் தூங்க வுடல. என்னையப் பாத்தாரு, பரசுராமனப் பாத்தாரு, மடியில இருந்த மஞ்சப் பையப் பாத்தாரு. பையில இன்னா கீதுன்னு அவுருக்குத் தெரியாதா? மன்னிச்சிக்குங்க சாமி, எங்க மச்சான் மாதிரி இருந்துச்சுன்னு பரசுராமன் கிட்ட சொல்லிட்டு, பூந்தமல்லி ரோட்டுல நடந்தாரு. எங்க ஊரு ரோடு இந்தப் பக்கம். என் கல்யாணம் நல்லபடியா முடியட்டும்னு ஒதுங்குனாரோ, மனசு வுட்டுப் போச்சோ. வூடே தன்னைக் கழிச்சுடுச்சுன்னு நெனச்சிருப்பாரு. பரசுராமன் ரெண்டாவது டீ சொன்னாரு. நான் குடிச்சேன் சார்.

வூட்டுக்குப் போயி அக்கா கிட்ட, இன்னொரு கேசு சேத்துட்டாங்க, வேலூருக்குக் கொண்டு போய்ட்டாங்கன்னேன். நாளைக்கு எங்கயாவது தேடிப் புடிச்சு இட்டாந்துடலாம், அது வரைக்கும் ஒரு பொய்யுன்னு நெனச்சேன். தேடவும் செஞ்சேன், பூந்தமல்லி, பட்டணத்துல பட்டாளம், கொத்தவால்சாவடின்னு. கெடைக்கல. தீவாளிக்கு அக்கா முறுக்கு சுட்டு மூட்ட கட்டிக் குடுக்கும், வேலூர்ல மாமாகிட்ட குடுத்துட்டு வாடான்னு. நான் பஸ் ஏறி காஞ்சிபுரத்துல எறங்கி, கோயில் கொளத்துப் படியில குந்தி நானே துன்னுட்டு வருவேன். இன்னா சொன்னாருன்னு கேக்கும். முறுக்கு நல்லா கீதுன்னாரு அக்கான்னு சொல்லுவேன். மூணு தீவாளி. அப்புறம் ஆளு எங்கன்னு வேலூர்லயே தெரியலயாம், எதுவானாலும் மொதல்ல வெச்ச ஜெயிலு புஸ்தகத்துலதான் எழுதுவாங்களாம்னு சொல்லிட்டேன்.

அந்த வேட்டியா? என் கல்யாணத்துக்கு நானே கட்டிகினேன். புதுசு வாங்கக் கை வரல, அத்தத் தூக்கிப் போடவும் கை வரல. அம்மா போனப்புறம் என்னத் தூக்கி வளத்தது எங்கக்கா சார். அது புருசன் வேட்டியக் கட்டிகினு அது கால்லயே வுழுந்து கும்புட்டேன்.

இப்ப அத்தப் போய் பொட்ட அழிக்க வெக்கப் பாத்தேன். உங்க கிட்ட சொல்லச் சொல்லதான் அது இன்னான்னு எனக்கே தெரியுது. அவுரு செத்தாரோ, இருக்காரோ, எனக்குத் தெரியாது. தெரியாதத தெரிஞ்ச மாதிரி அதோட நெத்தியில கை வெக்க எனக்கு இன்னா யோக்கித கீது.

கடைசி கட்டத்துல இன்னாமோ எழுதிக் கீதே, அது இன்னா சார்? செல்லும் ஊரா? வுடறப்ப எந்த ஊருக்குப் போறன்னு கேட்டு எழுதிப்பீங்களா?

பிள்ளைப்பாக்கம்.

சரி சார். கதவத் தொறங்க. அக்காவக் கூப்புடறேன். புஸ்தகத்த என் கையில குடுக்காதீங்க, நீங்களே படிச்சுக் காட்டுங்க. தேதி, மணி, ஊரு, எல்லாம். அவுரு நேரா வூட்டுக்குத்தான் கெளம்புனாரும்மா, எழுதியே கீது பாருன்னு சொல்லிடுங்க. அப்புறம் ஏன் வரலன்னு அது கேக்கும். அதுக்கு நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம், நான் இங்கதான் நிக்கிறேன்.