கப்பித்தான் உடுப்பு

காப்பி வேண்டாம் இன்ஸ்பெக்டர் ஐயா. குடித்தால் எனக்குக் கை நடுங்கும். தையல்காரனுக்கு அது ஆகாது.

இந்த வருஷம் கோயில் திருவிழாவுக்கு, போர்ச்சுகல் கப்பித்தான் நம் முத்துக்கரையில் வந்து இறங்கிய கதையை நாடகமாகப் போட்டார்கள். கப்பித்தான் வேஷம் தோணி முதலாளி ரோச் அண்ணாச்சிக்கு. உடுப்பு என் பொறுப்பு. பங்குச்சாமியார் ஒரு பழைய படத்தைத் தந்து, "இதே மாதிரி இருக்கணும் அம்புரோஸ்" என்றார். அந்த வார்த்தையை மதித்தவன் நான் ஒருவன்தான்.

கறுப்பு வெல்வெட் எடுத்தேன். உள்ளே விளாத்திகுளம் பஞ்சை அடைத்து மெத்தை போலத் தைத்தேன். கழுத்துக்குத் தாம்பாள அகலத்தில் வெள்ளை மடிப்புப் பட்டை. அரிசிக் கஞ்சியில் முக்கி, ஒவ்வொரு மடிப்பையும் சூடான கம்பியால் நிமிர்த்தினேன். என் சம்சாரம் என்னோடு பேசுவதை நிறுத்தியது அப்போதுதான்; அதனால் வேலை வேகமாக நடந்தது.

ஒத்திகையன்று முதுகுப்பக்கம் இன்னும் மூட்டாமல் இருந்தது. அண்ணாச்சி போட்டுப் பார்த்தார்.

"ஏலே, வேகுதுலே. முதுகுல பிரஸ் பட்டன் வச்சுக் குடு. நடுவுல கழத்திட்டு ஒரு கலர் குடிச்சுக்கிடுதேன்."

படத்தில் முதுகு தெரியவில்லை ஐயா. படத்தில் இல்லாத பட்டனை நான் எப்படி வைப்பேன்? அதைச் சொன்னேன். அவர் சிரித்தார். கழுத்துப்பட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்தார்.

எனக்குக் கோபம் வரவில்லை. பட்டைக்கு மறுபடி கஞ்சி போட்டேன். நாடகத்தன்று, "சுருக்கம் எடுக்குதேன் அண்ணாச்சி, அசையாம நில்லுங்க" என்று சொல்லி, அவர் போட்டிருக்கும்போதே உடுப்பின் முதுகைக் கழுத்திலிருந்து இடுப்புவரை மூட்டிவிட்டேன். தோணிப் பாய் தைக்கிற நூல், புயலுக்கே அறாது. பட்டையையும் உடுப்போடு சேர்த்து இறுக்கினேன்.

இரண்டாவது காட்சியில் அவர் முகம் கத்தரிக்காய் நிறமானது. கையை உயர்த்தி, "மூச்சு... மூச்சு..." என்றார். ஜனங்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், ஒரு மடிப்புகூடக் கலையவில்லை. பிறகு விழுந்தார்.

நாடகம் பார்க்க வந்திருந்த டாக்டர் சம்பத்குமார் மேடையேறி, உடுப்பை வெட்டக் கத்திரி கேட்டார். அண்ணாச்சி சம்சாரம் இசபெல்லா என்னிடம் ஓடிவந்து, "அம்புரோசு, ஒம்ம கத்திரியக் குடும்" என்று அழுதார். கத்திரி என் இடுப்பில் இருந்தது. "கடையில வச்சுட்டு வந்துட்டேம்மா" என்றேன். அது பொய். எழுதிக்கொள்ளுங்கள்.

யாரோ மீன் வெட்டும் கத்தியோடு வந்தான். நான் அண்ணாச்சி மேல் குப்புறப் படுத்துக்கொண்டேன். அவர் நெஞ்சை அமுக்கினேன் என்கிறார்கள். நான் பட்டையைத்தான் மறைத்தேன். "தையலப் பிரிச்சே எடுத்துருதேன் டாக்டர், கொஞ்சம் பொறுங்க" என்றுகூடக் கேட்டுக்கொண்டேன். எனக்கு ஒரு அவசரமும் இல்லை. அவர்கள்தான் என் காலைப் பிடித்து இழுத்தார்கள். டாக்டர் அந்த மீன் கத்தியை வாங்கி உடுப்பை ஒரே கீறாகக் கீறினார்.

அண்ணாச்சி இப்போது ஆஸ்பத்திரியில் இட்லி கேட்கிறாராம். சந்தோஷம்தான். ஆனால் உடுப்பு நெஞ்சு பிளந்து, பஞ்சு வெளியே தள்ளி, மீன் நாற்றத்தோடு கிடக்கிறது. நீங்கள் 'கொலை முயற்சி' என்று என் பெயரில் எழுதியிருக்கிறீர்கள். 'முயற்சி' என்பதையும் என் பெயரையும் அடித்துவிட்டு, அந்த டாக்டர் பெயரை எழுதுங்கள் ஐயா.