பாஸ்குவாலாவின் அடுப்பும் மேலூரின் உறைபனியும்

அவைக்குத் தலைமை ஏற்று, ஆல்பாக்காக் கம்பளித் தொப்பிக்குள் அமைதியாய் அமர்ந்திருக்கும் ஊர்த்தலைவர் நிக்கனோர் அவர்களே! கீழூராம் சாய்யாபம்பாவின் உழவர் பெருமக்களே! மேலூராம் ரித்திகுச்சுவிலிருந்து இறங்கி வந்திருக்கும் மேய்ப்பர் பெருமக்களே! முதுகில் பிள்ளையும் கையில் தக்களியுமாய், கம்பளி நூற்றபடியே கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களே! நகரத்திலிருந்து நமக்கு உதவ வந்திருக்கும் நண்பர்களே! சுற்றி நின்று காவல் காக்கும் மலைச்சாமிகளே! உங்கள் அனைவருக்கும் இந்தக் கால்நடை மருத்துவனின் வணக்கம்.

கீழூர் மாட்டுக்கும் ஊசி போட்டவன் நான். மேலூரில் சுமை தூக்கும் ல்லாமாவுக்கும் ஊசி போட்டவன் நான். மாடும் உதைத்தது, ல்லாமாவும் துப்பியது. ஆகவே எனக்குக் கட்சி கிடையாது. நடந்ததைச் சொல்கிறேன், நியாயத்தை நீங்கள் சொல்லுங்கள்.

சென்ற ஆண்டு, நடுக் குளிர்காலத்துச் சான் குவான் திருநாள் கழிந்தது. கார்த்திகை மீன்கள் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தன. கீழூர்க்காரர்கள் நீங்கள் வழக்கம்போல் உருளைக்கிழங்கைப் பனிக்களத்தில் பரப்பினீர்கள். இரவுப் பனியில் உறைந்து, பகல் வெயிலில் இளகி, மிதிபட்டு, நீர் வடிந்து, காய்ந்தால்தானே கிழங்கு சுன்யோ ஆகும்? சுன்யோ இருந்தால்தானே அடுத்த அறுவடை வரை அடுப்பில் பானை ஏறும்?

பனி வந்ததா? வரவில்லை. மறுநாளாவது வந்ததா? வரவில்லை. வானம் மாறியது, வாடை மாறியது, வழி மட்டும் மாறாமல் நின்றோம் நாம்!

உறைபனி ஒரு விருந்தாளி, நெருப்பைக் கண்டால் ஓடிவிடும் என்பது இந்த ஊரின் நம்பிக்கை. பனிக்களத்தின் ஓரத்தில் வீடு யாருக்கு? பாஸ்குவாலாவுக்கு. மகள் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். அவளுக்குச் சூடாய்க் கஞ்சி வைக்க அடுப்பை மூட்டியிருந்தார் அந்த அம்மையார். போதாதா? ஊர் கூடிவிட்டது.

"அடுப்ப அணைக்கிறியா, வீட்டக் காலி பண்றியா?"

பாஸ்குவாலா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்: "என் அடுப்ப மட்டும் பாத்துப் பயந்துக்கிற பனியா அது? அப்ப எல்லா அடுப்பையும் அணைங்க. நீங்களும் பட்டினி கெடந்து பாருங்க!"

தலைவர் ஒப்புக்கொண்டார். ஊரே அடுப்பை அணைத்தது. யாரங்கே சிரிப்பது? ஐயா, ஆறிப்போன வறுத்த சோளத்தைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொண்டவர் நீர்தானே? சிரியுங்கள், சிரியுங்கள். ஆனால் பிள்ளை பெற்ற அந்தப் பச்சை உடம்புக்காரியும் பச்சைத் தண்ணீரைத்தான் குடித்தாள்.

அப்போதாவது பனி வந்ததா? கிழங்கு அழுகியது. நாற்றம் என் வீட்டு வாசல் வரை வந்தது.

சேமிப்புக் குழியில் மிச்சமிருந்த கிழங்கை ல்லாமா மேல் ஏற்றிக்கொண்டு, எல்லைக் கல்லைத் தாண்டி, மேலூருக்கு நடந்தார் பாஸ்குவாலா. அங்கே எவாரிஸ்தோ, மேய்ப்பர்களின் தலைவர், இதோ முன்வரிசையில் மீசையைத் தடவுகிறாரே, அவரேதான், வழியை மறித்தார்.

"என்ன மதினி, ஆலங்கட்டி மழையில எங்க குட்டிங்க செத்தப்ப, 'மேலூர்க்காரன் செஞ்ச பாவம்'னு பேசினீங்க. இப்ப எங்க ஊர்க் குளிர் மட்டும் இனிக்குதோ?"

"குளிரு உங்கப்பன் வீட்டுச் சொத்தா? அப்படின்னா மடிச்சுப் பொட்டியில வச்சுப் பூட்டு, பாப்போம்!"

எவாரிஸ்தோ சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு அடங்கி அவர் சொன்னதுதான் முக்கியம். "மலை உச்சிப் பனிக்கட்டி கரைஞ்சுபோச்சு மதினி. ஊத்து காயுது. ஈரப்புல்லு இல்லாம, குட்டி போட்ட ஆல்பாக்காவுக்கும் பால் இல்ல. வாய்க்கா வெட்டித் தண்ணியப் பரப்பணும், எங்ககிட்ட கை பத்தல. கையக் குடு, குளிர எடுத்துக்கோ."

பாஸ்குவாலா மருமகனை வரவழைத்தார். இருவரும் மண்ணை வெட்டினார்கள். கிழங்கு உறைந்தது. மேலூர்ப் பெண்களும் சேர்ந்து மிதித்தார்கள். பச்சைப் புல் வாய்க்காலோரம் தலைகாட்டியது. நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன், கேள்விப்பட்டதை அல்ல.

நகரத்து நண்பர்களே, நல்ல மனதோடு வந்தீர்கள். கிழங்கை உறைய வைக்கக் குளிர்ப்பெட்டி தருகிறோம் என்றீர்கள். காற்றடித்தால் மின்சாரம் போகும் ஊரில் அதற்குள் கோழிதான் அடைகாக்கும்! உதவ வேண்டுமா? இரண்டு ஊருக்கும் இடையே இடிந்து கிடக்கும் பாதையைச் சீராக்கித் தாருங்கள். மண்வெட்டி தாருங்கள்.

இன்று அவை முன் இருக்கும் கேள்வி ஒன்றே. மேலூர் தன் பனிக்களத்தை ஆண்டுதோறும் திறந்துவிட, கீழூர் தன் உழைப்பை ஆண்டுதோறும் ஏற்றி அனுப்ப, இரண்டு ஊரும் சம்மதமா? "எல்லைக் கல் என்னாவது?" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்கிறது. கல் அங்கேயே இருக்கட்டும் ஐயா, யாரும் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள். பனிக்கு அந்தக் கல் தெரியுமா? வற்றுகிற ஊற்றுக்குத் தெரியுமா? பசிக்குத் தெரியுமா? அவை எல்லாம் தாண்டி வந்துவிட்டன. நாம் மட்டும் இன்னும் அந்தக் கல்லுக்கு இருபுறமும் நின்று முறைத்துக்கொண்டிருக்கிறோம்!

நான் அமர்வதற்கு முன் ஒரு செய்தி. கூட்டம் தொடங்கும் முன் எல்லோரும் சூடாய் ஒரு சாறு குடித்தீர்கள். சிலர் இரண்டாம் முறையும் கிண்ணத்தை நீட்டினீர்கள்; தலைவர் மூன்றாம் முறையும் நீட்டினார். அந்தச் சாற்றில் மிதந்த சுன்யோ மேலூர்ப் பனியில் உறைந்தது. அது கொதித்த அடுப்பு, நீங்கள் அணைக்கச் சொன்ன பாஸ்குவாலாவின் அடுப்பு.

சாறு நன்றாக இருந்தது என்பவர்கள் கை தூக்குங்கள்.

தலைவர் அவர்களே, முதல் கை உங்களுடையது, பார்த்துவிட்டேன். இறக்கிவிடாதீர்கள், சம்மதத்துக்கும் அதே கைதான்; எண்ணி முடியட்டும். பொறுமையாய்க் கேட்ட பெரியோர்க்கும், நூல் அறாமல் கேட்ட தாய்மார்க்கும் என் நன்றி. போகும் வழியில் அந்த அடுப்புக்கு ஆளுக்கொரு விறகு வைத்துவிட்டுப் போங்கள். வணக்கம்.